எரியாத கட்டடத்துக்கு இரவுக் காவல்

இரவு பத்து மணி.
லான்வெர்த் நகராட்சி நூலகத்தில்
நான் ஒருத்தி, ஒரு டார்ச், ஒரு பதிவேடு.
வெளியே மழை.
வேல்ஸின் இந்த மூலையில் மழையை
யாரும் செய்தியாகச் சொல்வதில்லை.

சுவர் ஸ்லேட் கல். தரை ஸ்லேட் கல். கூரையும் அதே.
நூற்று முப்பது வருடமாக ஈரம் காயாத கட்டடம்.
எப்போதோ ஒரு பையன் வாசலில் பட்டாசு வைத்தானாம்;
பட்டாசுதான் நமுத்துப் போனதாம்.

போன வருடம் கார்டிஃபிலிருந்து
காய்ந்த ஷூக்களோடு ஒரு ஆலோசகர் வந்தார்.
நாற்பத்தாறு பக்க அறிக்கை.
பத்தொன்பதாம் பக்கத்தில்:
எளிதில் தீப்பற்றும் பொருள்கள் - புத்தகங்கள்.

பதினோராயிரம் புத்தகங்களை லாரியில் ஏற்றினார்கள்.
கிடங்கு வாடகை மாதம் அறுநூறு பவுண்டு.
கிடங்கு மரத்தில் கட்டியது என்று
ஓட்டுநர் சொன்னார், கையெழுத்து வாங்கிக்கொண்டே.

பிறகு கதவுகள்.
தீ தாங்கும் கதவுகள் ஏழு, ஒவ்வொன்றும் நாலாயிரம்.
நடைவண்டியோடு வந்த டெக்வென் அம்மாவால்
ஒன்றைக்கூடத் தள்ள முடியவில்லை.
ஆகவே ஏழும் திறந்தே கிடக்கின்றன,
ஒவ்வொன்றுக்கும் ஒரு தீயணைப்பான் முட்டுக்கொடுத்து.

கூரை ஒழுகுகிறது. அதற்குப் பணம் இல்லை.
ஒழுக்கு தீ அல்லவே.
சொட்டுக்குக் கீழே நான் வைத்திருந்த பிளாஸ்டிக் வாளி
தீப்பற்றக்கூடியதாம்; எடுத்துப் போனார்கள்.
அந்த இடத்தில் இப்போது சிவப்பு இரும்பு வாளி,
'தீ' என்று இரண்டு மொழியில் எழுதி,
விளிம்புவரை மணல் நிரப்பி.
சொட்டு மணலில் விழுகிறது,
சத்தமில்லாமல்.

கூட்டத்தில் இட்ரிஸ் ப்ரதெரோ மட்டும் எழுந்து கேட்டாராம்:
"ஐயா, எரிய அங்கே என்ன இருக்கிறது?"
"அதனால்தான் எரியவில்லை" என்றார் தலைவர்.
தீர்மானம் நிறைவேறியது.
யோசித்துப் பார்த்தால்
அந்தச் சொல்லே தீயில்தான் தொடங்குகிறது.

நான் இங்கே உதவி நூலகராக இருந்தவள்.
புத்தகம் இல்லாத இடத்தில் அந்த வேலை இல்லை.
நீர்த்தெளிப்பான் சான்றிதழ் வரும்வரை
காவல் மட்டும் உண்டு.
கம்பெனி மணிக்கு முப்பத்து நாலு பவுண்டு வாங்குகிறது,
எனக்குப் பன்னிரண்டு.
எரிகிற வீட்டில் பிடுங்கினால் லாபம் என்பார்கள்;
எரியாத வீட்டில் அதைவிட லாபம்.
என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.
பையனின் பள்ளிக்கூட ஷூ இந்தப் பணத்தில் வந்தது.

அரைமணிக்கு ஒருமுறை சுற்றி வந்து எழுத வேண்டும்:
தீ இல்லை.
இரவுக்குப் பதினெட்டு முறை, எட்டு மாதமாக.
இந்த ஊரில் எரிவது
வரி கட்டுகிறவர்களின் வயிறு ஒன்றுதான்.
அதைக் கண்டுபிடிக்கும் கருவி
அறிக்கையில் இல்லை.

மூன்று மணிக்கு அலாரம் அலறியது.
மழைத்தண்ணீர் கருவிக்குள் இறங்கியிருக்கும்,
இந்த மாதம் நாலாவது தடவை.
இருபத்திரண்டு மைல் தாண்டி வண்டி வந்தது.
தலைக்கவசத்தைக் கழற்றினான் காரத்,
எந்த அறைக்கும் போகவில்லை.
பாலிதீனில் சுற்றிய ஒன்றை எடுத்து நீட்டினான்.
"மூடறதுக்கு முன்னாடி எடுத்தது, மெரெரிட்.
போன தடவையே கொண்டு வரணும்னு இருந்தேன்.
அபராதம் எவ்வளவு?"

தேனீ வளர்ப்பு. அட்டையில் தேநீர்க் கறை.
அபராதம் வாங்கும் மேசையைக்கூட
எடுத்துப் போய்விட்டார்கள் என்றேன்.

வண்டி போன பிறகு
டார்ச்சோடு வெற்று அலமாரிகளுக்கு நடுவே நடந்தேன்.
638 என்ற சீட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அதற்கு மேலே புத்தகத்தை நிற்க வைத்தேன்.
சாய்ந்தது.
மறுபடி நிற்க வைத்தேன்.

மூன்றரை மணிச் சுற்று
பதிவேட்டில் விட்டுப்போயிருக்கிறது.